வெறும் மின்னஞ்சலுக்கு எதற்கு ரேடியோ? புதன்கிழமை வின்லிங்க் நெட்

2024 ஆகஸ்ட் 8 | கோவையிலிருந்து ஒரு வாசகர் கேட்டது

"வாராவாரம் புதன்கிழமை நெட்டில், அதாவது ஹாம் ரேடியோக்காரர்கள் குறித்த நேரத்தில் கூடும் கூட்டத்தில், கலந்துகொள்வதாக எழுதியிருந்தீர்கள். விசாரித்துப் பார்த்ததில், ஒரு முகவரிக்கு 'நான் இருக்கிறேன்' என்று ஒரு வரி அனுப்புவதும், மறுநாள் பெயர்ப் பட்டியல் வருவதும்தான் அந்த நெட் என்று தெரிகிறது. முப்பது ஆண்டுகளாகக் காலை வேளையில் 40 மீட்டர் அலைநீளப் பட்டையில் குரல் நெட்டில் உட்காருகிறவன் நான். அதில் ஒருவர் இருமினால் அவருக்குச் சளி பிடித்திருப்பது பத்து ஊருக்குத் தெரிந்துவிடும். அதற்குப் பெயர்தான் நெட். யாரும் யாரையும் கேட்காத, யாரும் யாரையும் அறியாத ஒன்றுக்கு எப்படி அந்தப் பெயரைக் கொடுக்கிறீர்கள்? போதாக்குறைக்கு, அந்த மென்பொருளில் இணையம் வழியாகவே அனுப்பும் வசதியும் இருக்கிறதாமே. வெறும் மின்னஞ்சலுக்கு எதற்கு ரேடியோ?"

2024 ஆகஸ்ட் 8, இரவு

முதலில் அது என்னவென்று சொல்லிவிடுகிறேன். வின்லிங்க் என்பது ரேடியோ வழியாக மின்னஞ்சல் அனுப்பவும் பெறவும் ஹாம்கள், அதாவது உரிமம் பெற்று ரேடியோ இயக்கும் ஆர்வலர்கள், நடத்துகிற அமைப்பு. 1990களில் வளர்ந்தது, கரையை விட்டு மாதக்கணக்கில் படகில் சுற்றுகிறவர்கள் அதை இன்றும் நம்பியிருக்கிறார்கள். தொடங்கியவர்களில் ஒருவரான விக் புவர், டேட்டாபாயின்ட் நிறுவனத்தில் இருந்தபோது இன்டெல் 8008 சில்லுக்கு அடிப்படையான வடிவமைப்பைக் கொடுத்தவர். உரிமம் பெற்ற ஒவ்வொருவருக்கும் உரிமத்தோடு கிடைக்கும் அடையாளமான அழைப்புக்குறியே மின்னஞ்சல் முகவரி ஆகிவிடும். என் வீட்டு ரேடியோ அருகிலுள்ள ஒரு கேட்வே நிலையத்தை அழைக்கும். அந்த நிலையம் செய்தியை வாங்கி இணையம் வழியாக மையச் சேவையகத்துக்கு அனுப்பும். என் தெருவில் இணையம் செத்துப் போனாலும், இணையம் உயிரோடு இருக்கும் ஏதோ ஓர் இடம் வரைக்கும் ரேடியோ என்னைக் கொண்டு சேர்க்கும் என்பதுதான் இதன் பயன்.

புதன்கிழமை நெட் இதற்கான பயிற்சி. அமெரிக்காவில் 'வின்லிங்க் வெட்னஸ்டே' என்ற பெயரில் பல பகுதிகளில் தனித்தனியாக இது நடக்கிறது. நான் இருப்பது வட கரோலினாவின் கேரி நகரில். எங்கள் குழுவில் அழைப்புக்குறி, ஊர், பட்டை, எந்த முறையில் அனுப்பினோம் என்பதையெல்லாம் காற்புள்ளியிட்டு ஒரே வரியில் அனுப்ப வேண்டும். நெட்டை நடத்துகிறவர் மறுநாள் பட்டியலும் வரைபடமும் தயாரித்து அனுப்புவார். மார்ச் 13 முதல் நேற்று வரை 22 வாரங்கள், ஒன்றைக்கூட நான் விட்டதில்லை. பத்து நிமிட வேலை. இரவு ஏழரை மணிக்கு உட்கார்ந்தால் ஏழே முக்காலுக்குச் சாப்பிடப் போய்விடலாம்.

2024 ஆகஸ்ட் 9

நேற்று '22 வாரங்கள்' என்று பெருமையாக எழுதியதில் ஒரு திருத்தம். குறிப்பேட்டைப் புரட்டினேன். அவற்றில் நான்கு வாரங்கள் பயணத்தில் இருந்தபோது டெல்நெட் வழியாக, அதாவது விடுதியின் இணையத்தில் அனுப்பியவை. விதிப்படி அது செல்லும். பட்டியலில் 'டெல்நெட்' என்று வெளிப்படையாகவே குறிப்பார்கள். ஆனாலும் கோவைக்காரரின் கேள்விக்குப் பிறகு அந்த நான்கும், வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுத் தேநீர்க் கடைக்குப் போன ஊழியரின் நாட்களைப் போலத்தான் தெரிகின்றன. 18 என்று திருத்திக்கொள்கிறேன்.

2024 ஆகஸ்ட் 15

'யாரும் யாரையும் கேட்பதில்லை' என்ற குற்றச்சாட்டுக்காக, நேற்று மாலை ஒலிபெருக்கியை அணைக்காமல் வைத்துக்கொண்டு முழு இணைப்பையும் கேட்டேன்.

வாரா எஃப்எம் என்ற மென்பொருள் மோடம் (செய்தியை ஒலியாகவும், வந்த ஒலியைச் செய்தியாகவும் மாற்றுவது), 2 மீட்டர் பட்டை, ஒன்பது கிலோமீட்டரில் உள்ள கேட்வே. அழைத்தவுடன் என் பக்கம் ஒரு சிறு கரகரப்பு. அரை நொடி அமைதி. அங்கிருந்து அதைவிட மெல்லிய ஒரு பதில். திரையில் கேட்வேயின் வரவேற்பு வரி விழுந்தது. பின்னர் என் கணினி ஒரு முன்மொழிவை அனுப்பியது: பன்னிரண்டு எழுத்துகள் கொண்ட செய்தி அடையாளம், அசல் அளவு, சுருக்கிய அளவு. எதிர்ப்பக்கம் 'ஒய்' என்ற ஒற்றை எழுத்தோடு பதில் சொன்னது. கொடு என்று அர்த்தம். அதற்குப் பிறகுதான் செய்தியே போகிறது. ஒரு துண்டு போகும், பிறகு காது கொடுக்கும். சரியாக வந்தது என்று மறுமுனை சொன்னால் அடுத்த துண்டு, சொல்லாவிட்டால் அதே துண்டு மீண்டும். கடைசியில் 'என்னிடம் வேறு இல்லை' என்று ஒரு பக்கமும், 'முடித்துக்கொள்கிறேன்' என்று மறுபக்கமும் சொல்லி இணைப்பை விட்டன.

விருந்தாளியை அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்துவதற்குள் நாம் பேசுகிற பேச்சை விட இது ஒழுங்கானது. ஆனால் கோவைக்காரர் கேட்டது இதை அல்ல என்பது எனக்குத் தெரிகிறது. பேசிக்கொண்டவை இரண்டு இயந்திரங்கள்.

2024 ஆகஸ்ட் 22

நேற்று என்னால் அனுப்ப முடியவில்லை.

மாலையில் இடி மழை. ஆறரை மணிக்கு மின்சாரம் போனது. எனக்கு உள்ளூர மகிழ்ச்சிதான். இதற்காகத்தானே இத்தனை வாரங்கள் பயிற்சி! ரேடியோவை ஒரு பழைய கார் மின்கலத்தோடு இணைத்து, மடிக்கணினியைத் திறந்து, டார்ச் வெளிச்சத்தில் செக்-இன் வரியை எழுதி, கேட்வேயை அழைத்தேன். பதில் இல்லை. பதினோரு முறை அழைத்தேன். ஆன்டெனாவைச் சோதித்தேன், இணைப்புக் கம்பிகளை ஆட்டிப் பார்த்தேன். மின்கலத்தின் அழுத்தம் 12.4 வோல்ட் காட்டியது. என் பக்கத்தில் குறை எதுவும் இல்லை.

அப்போதுதான் உறைத்தது. ஒன்பது கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் கேட்வேயும் ஒரு வீடுதான். அந்த வீட்டிலும் மின்சாரம் இல்லை. இருந்திருந்தாலும், அவர் வீட்டு இணையமும் என் வீட்டு இணையமும் ஒரே நிறுவனத்தின் ஒரே கேபிளில் வந்தால், என் வீட்டில் அது செத்தபோதே அங்கும் செத்திருக்கும்.

போன வாரத்தையும் சேர்த்து 19 வாரங்கள் நான் சோதித்தது ஒரே ஒரு பாதையை. அதுவும் எல்லாம் நன்றாக இருந்த நாட்களில் மட்டும். 'பத்து நிமிட வேலை' என்று மேலே எழுதியிருக்கிறேனே, அதை அழிக்காமல் விடுகிறேன், இருக்கட்டும்.

2024 ஆகஸ்ட் 25

கேட்வே வைத்திருப்பவருக்கு மின்னஞ்சல் எழுதினேன். இத்தனை மாதங்களில் அவருக்கு நான் எழுதியது இதுவே முதல் முறை. வீட்டுக்கே வரச் சொன்னார்; இன்று போயிருந்தேன். எழுபதைத் தாண்டியவர், தனியாக இருக்கிறார். கார் நிறுத்தும் கொட்டகையின் மூலையில், பெயின்ட் டப்பாக்களுக்குப் பக்கத்தில் ஒரு பழைய ரேடியோ, ஒரு சிறு கணினி, மேலே சுழலும் ஒரு மேசை விசிறி. பதினோரு ஆண்டுகளாகத் தன் செலவில் ஓட்டுகிறார். யாரும் அவரிடம் கேட்டதுமில்லை, நன்றி சொன்னதுமில்லை.

என் அழைப்புக்குறியைச் சொன்னதும் அவர் சிரித்துவிட்டார். "ஓ, அந்த ஏழரை மணிக்காரர் நீங்கள்தானா?" ஒவ்வொரு புதன்கிழமையும் அந்த நேரத்தில் ரேடியோவின் சிவப்பு விளக்கு எரிவதைச் சமையலறைச் சன்னல் வழியாகப் பார்ப்பாராம், பாத்திரம் கழுவும் நேரமாம் அது. ஏழரை என்றால் எங்கள் ஊரில் என்ன பொருள் என்பதை அவருக்கு விளக்கினேன். சனி பகவானைப் பற்றி ஒரு அமெரிக்கருக்கு ஆங்கிலத்தில் சொல்லிப் புரியவைப்பதற்கு வின்லிங்க்கைத் தமிழில் விளக்குவதே எளிது.

யாரும் யாரையும் அறியாத நெட் என்று கோவைக்காரர் சொன்னதற்கு இப்போது பாதி ஒப்புதல் தருகிறேன். அவர் என்னை அறிந்திருந்தார். நான்தான் அவரை அறியவில்லை.

2024 செப்டம்பர் 5

டல்லாஸிலிருந்து ஒருவர் உரிமத்தைப் பற்றிக் கேட்டார். சுருக்கமாக: அமெரிக்காவில் முதல் நிலை உரிமமான டெக்னீஷியன் தேர்வில் 35 கேள்விகள், 26 சரியாக இருந்தால் தேர்ச்சி. 2 மீட்டர் நெட்டுக்கு அது போதும். 40 மீட்டர், 80 மீட்டர் பட்டைகளில் தரவு அனுப்ப அடுத்த நிலையான ஜெனரல் வகுப்பு வேண்டும்; அதற்கும் 35 கேள்விகளே. அமெரிக்கக் குடியுரிமை தேவையில்லை.

2024 செப்டம்பர் 12

நான் இப்போது 40 மீட்டருக்கு நகர்ந்திருக்கிறேன். மின்சாரம் போகும்போது பக்கத்து ஊர் கேட்வேயும் சேர்ந்து போய்விடுமென்றால், மழையே பெய்யாத ஓர் ஊரின் கேட்வேயை எட்ட வேண்டும். அதற்கு அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பும் சிற்றலைதான் வழி. எங்கள் குடியிருப்பின் உரிமையாளர் சங்கம் வெளியே ஆன்டெனா வைக்கக் கூடாதென்று விதி போட்டிருப்பதால், இருபது மீட்டர் நீளமுள்ள மெல்லிய கறுப்புக் கம்பியைப் பின்பக்க மரங்களுக்கிடையே கட்டியிருக்கிறேன். பார்ப்பவர்களுக்குத் துணி காயப்போடும் கொடி போலக்கூடத் தெரியாது. இங்கே அந்தக் கொடிக்கும் தடை என்பது வேறு கதை.

முதல் இரண்டு வாரமும் படுதோல்வி. இணைப்பு கிடைக்கும், பிறகு ஒரே துண்டையே திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருந்துவிட்டு அறுந்துவிடும். ரேடியோ நூறு வாட் தரக்கூடியது, நானும் நூறு வாட்டில்தான் அனுப்பினேன். இதைக் குழுவில் சொன்னபோது ஒரு பெரியவர் கேட்ட ஒரே கேள்வி: "ஏஎல்சி முள் அசைகிறதா?" அசைந்தது, நன்றாகவே அசைந்தது. கணினியிலிருந்து வரும் ஒலி அளவுக்கு மீறும்போது ரேடியோ தானாகவே அதை அமுக்குகிறது என்பதற்கு அந்த முள்தான் அடையாளம். குரலுக்கு அது பரவாயில்லை. வாராவின் அலை 52 மெல்லிய சுமப்பலைகளை அடுக்கிச் செய்தது. அமுக்கினால் ஒன்றோடொன்று குழம்பிவிடும். ஒலியளவை அந்த முள் அசையாத வரைக்கும் குறைத்தேன். மின்திறன் நாற்பது வாட்டுக்கு இறங்கியது. நேற்று மூன்றே நிமிடத்தில் செய்தி போய்ச் சேர்ந்தது. உரக்கக் கத்தினால் காது கேட்காதவருக்குப் புரியும் என்று நினைத்து, வாயசைவையும் கெடுத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

இன்னொன்றையும் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். கணினியின் அறிவிப்பு ஓசைகளை ரேடியோவின் ஒலி அட்டைக்குப் போகாமல் தடுக்க மறந்திருந்தேன். செய்திக்கு நடுவே, நாட்காட்டி நினைவூட்டலின் 'டிங்' என்ற மணியும் வட கரோலினாவிலிருந்து கிளம்பி அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பியிருக்கிறது. மனைவியின் பல் மருத்துவர் சந்திப்புக்கான நினைவூட்டல் அது.

2024 செப்டம்பர் 13

40 மீட்டரில் நெரிசல் ஏன் என்று கேட்டவருக்கு: ஆளில்லாமல் தானாகப் பதில் சொல்லும் அகன்ற அலை நிலையங்களுக்கு அமெரிக்க விதி அந்தப் பட்டையில் 7.100 முதல் 7.105 மெகாஹெர்ட்ஸ் வரைதான் இடம் தருகிறது. ஐந்தே கிலோஹெர்ட்ஸ். 2300 ஹெர்ட்ஸ் அகலமுள்ள இரண்டு அலைகளை வைத்தால் முடிந்தது. புதன்கிழமை மாலையில் அது தண்ணீர் லாரிக்குப் பக்கத்தில் குடங்கள் நிற்பது போலத்தான் இருக்கும். அனுப்புவதற்கு முன் காது கொடுத்துக் கேளுங்கள். அங்கே யாராவது இருந்தால் காத்திருங்கள். இருட்டிய பிறகு முந்நூறு கிலோமீட்டர் தொலைவு மெல்ல மறைந்து, ஆயிரத்தைத் தாண்டிய ஊர்கள் கேட்கத் தொடங்கும். பக்கத்து மாவட்டக்காரரைத் தேடிக்கொண்டிருப்பதை விட்டு, தொலைவில் உள்ளவரை அழைத்துவிடுங்கள்.

2024 அக்டோபர் 1

ஹெலீன் புயலைப் பற்றிப் பலரும் கேட்டிருக்கிறீர்கள். நாங்கள் இருப்பது மாநிலத்தின் நடுப்பகுதி. எங்களுக்கு ஒன்றும் இல்லை. மேற்கே, இங்கிருந்து சுமார் 350 கிலோமீட்டரில் உள்ள ஆஷ்வில்லும் அதைச் சுற்றிய மலைக் கிராமங்களும் செப்டம்பர் 27 அன்று நிலைகுலைந்துவிட்டன. சாலைகள் இல்லை, மின்சாரம் இல்லை, கைபேசிக் கோபுரங்கள் இல்லை.

அங்கே மிட்செல் மலையில் 145.19 மெகாஹெர்ட்ஸில் ஒரு ரிப்பீட்டர், அதாவது கேட்டதை உடனே வலுவாகத் திரும்ப அனுப்பும் நிலையம், இருக்கிறது. மிசிசிப்பி ஆற்றுக்குக் கிழக்கே மிக உயரமான சிகரம் அது, 2,037 மீட்டர். அந்த ஒரு ரிப்பீட்டர் தாக்குப்பிடித்தது. அதன் பதிவுகளைக் கேட்டேன். "என் அம்மா இந்தத் தெருவில் இருக்கிறார், யாராவது போய்ப் பார்க்க முடியுமா?", "இந்தப் பாலம் இல்லை, அந்த வழியாக வராதீர்கள்", "ஆக்சிஜன் உருளை எங்கே கிடைக்கும்?" கேட்டுக்கொண்டிருந்தவர்களில் யாரோ ஒருவர் தனக்குத் தெரிந்ததைச் சொன்னார்; தெரியாதபோது இன்னொருவர்.

முழுவதும் குரல். கோவைக்காரர் இதைப் படிப்பார் என்று தெரியும். இந்த இடத்தில் அவர் சொன்னதுதான் சரி.

2024 அக்டோபர் 10

பத்து நாட்கள் யோசித்ததில் மேலே எழுதியதை மாற்றவில்லை, ஆனால் இன்னொரு பாதியைச் சேர்க்க வேண்டியிருக்கிறது. குரல் முதலில் கைகொடுத்ததற்குக் காரணம், மலிவான கைரேடியோ எல்லாரிடமும் இருந்ததும், கேட்கிறவர் எவரும் உதவ முடிந்ததும். வின்லிங்க்கில் நான் யாருக்கு எழுதுகிறேனோ அவர் மட்டும்தான் படிப்பார், 'யாராவது இருக்கிறீர்களா?' என்ற கேள்வியை அதில் கேட்கவே முடியாது.

ஆனால் பட்டியல்கள்? நேற்று எங்கள் குழு ஒரு சோதனை செய்தது. இருபது மருந்துகளின் பெயர், அளவு, எண்ணிக்கை. முதலில் 2 மீட்டரில் குரல். ஒவ்வொரு பெயரையும் எழுத்துக் கூட்டிச் சொன்னோம், 'ஃபிஃப்டீனா, ஃபிஃப்டியா?' என்று இரண்டு முறை நிறுத்தினோம். பதினாறு நிமிடங்கள் ஆயின, முடிந்த பிறகும் ஒரு பிழை இருந்தது. பிறகு அதே பட்டியலை வாரா எஃப்எம்மில் அனுப்பினோம். நான் கோப்பைத் தேடித் திறப்பதற்கு ஆன நேரம்தான் அதிகம். சர்க்கரை நோய்க்கான மாத்திரையில் ஒரு பூஜ்யம் கூடினால் என்ன ஆகும் என்பது அப்பாவுக்கு மாத்திரை பிரித்து வைத்தவர்களுக்குத் தெரியும்.

2024 நவம்பர் 7

நேற்றைய பட்டியலில் என் பெயர் இல்லை. செய்தி போனது, ஒப்புதலும் வந்தது, பட்டியலில் மட்டும் இல்லை. நெட்டை நடத்துகிறவருக்குச் சற்றுக் காரமாகவே எழுதிவிட்டேன்.

அவருடைய பதில் ஒரே வரி: "உங்கள் செய்தி வியாழக்கிழமை வந்தது."

எங்கள் நெட்டின் கணக்கு உலகப் பொது நேரத்தில். கோடையில் எங்கள் ஏழரை மணி என்பது அங்கே இரவு 11.30; இன்னும் புதன்கிழமை. நவம்பர் 3 ஞாயிறன்று இங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளினார்கள். அதன்பிறகு அதே ஏழரை என்பது 00.30, அதாவது வியாழக்கிழமை. நான் சேர்ந்ததே மார்ச்சில், கோடை நேரம் தொடங்கிய வாரத்தில் என்பதால் இதுவரை சிக்கியதில்லை. மன்னிப்புக் கேட்டு இன்னொரு கடிதம் எழுதினேன்.

2024 நவம்பர் 8

கேட்வே பெரியவரிடம் தொலைபேசியில் சொன்னேன். "ஏழரை உங்களைப் பிடித்துவிட்டது" என்றார். நன்றாகத்தான் விளக்கியிருக்கிறேன்.

2024 நவம்பர் 21

செய்திகள் இரகசியமாக இருக்குமா என்று ஒருவர் கேட்டார். இருக்காது, இருக்கவும் கூடாது. பொருளை மறைக்கும் நோக்கத்தோடு குறியாக்கம் செய்து அனுப்புவதை அமெச்சூர் விதிகள் தடுக்கின்றன. வின்லிங்க் செய்தியைச் சுருக்கித் துண்டு துண்டாக அனுப்புவதால், வெளியாள் ஒருவர் காற்றில் ஒட்டுக் கேட்டுப் படிப்பது கடினம். இதுவே ஒருவகை மறைப்புதான் என்று நீண்ட நாள் சண்டை நடந்தது. அதற்குப் பதிலாக, ரேடியோ வழியாகப் போகும் செய்திகளை உரிமம் பெற்றவர்கள் பார்க்கும்படி ஒரு பக்கத்தை வின்லிங்க் திறந்தது. அக்டோபரில் நாங்கள் அனுப்பிய மருந்துப் பட்டியலில் நோயாளியின் பெயர் போடாததற்கு இதுதான் காரணம். அங்கே சொல்ல மறந்துவிட்டேன்.

விதியைப் பற்றிப் பேசுவதால் இதையும் சேர்க்கிறேன். சிற்றலையில் தரவுக்கு இருந்த 300 பாட் (நொடிக்கு 300 துடிப்பு) வரம்பு 2024 ஜனவரி 8 முதல் இல்லை. அதற்குப் பதில் 2.8 கிலோஹெர்ட்ஸ் அகல வரம்பு. பழைய புத்தகத்தை வைத்துப் படிப்பவர்கள் திருத்திக்கொள்ளுங்கள்.

2024 டிசம்பர் 26

நேற்று கிறிஸ்துமஸ், நெட்டில் வழக்கத்தில் பாதிப்பேர். இன்று சுனாமியின் இருபதாம் ஆண்டு.

2004 டிசம்பரில் பாரதி பிரசாத் தலைமையில் ஒரு ஹாம் குழு போர்ட் பிளேரில் இருந்தது. அந்தமானிலிருந்து உலக ஹாம்களோடு தொடர்புகொள்வதற்காக, பல ஆண்டுகள் அலைந்து அனுமதி வாங்கிப் போனவர்கள். 26 காலையில் அவர்கள் ரேடியோ வைத்திருந்த கூடம் அப்படியே அவசரத் தொடர்பு நிலையமாக மாறியது. தீவுகளில் இருந்தவர்கள் நலமாக இருக்கிறார்களா என்ற கேள்விகளும், இருக்கிறார்கள் என்ற பதில்களும் அதன் வழியாகக் கரைக்கு வந்தன. ஹாம் என்ற சொல்லை நான் முதலில் படித்தது அந்த வாரத்துச் செய்தித்தாளில். அப்போது கல்லூரியில் இருந்தேன்.

என் மனத்தில் நின்றது பெயர்கள். நலம் விசாரிக்கும் செய்தி என்பதே பெயர்ப் பட்டியல்தான். 'சுப்பிரமணியன்' என்ற பெயரை இரைச்சலுக்கு நடுவே, தமிழ் தெரியாத ஒருவரிடம், எழுத்தெழுத்தாகச் சொல்லிப் பாருங்கள்.

2025 ஜனவரி 9

அதைப் படித்துவிட்டு, தமிழிலேயே அனுப்ப முடியாதா என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். உள்ளூரில் இன்னொரு தமிழ் ஹாம் இருக்கிறார். இருவரும் சேர்ந்து எஃப்எல்டிஜி மென்பொருளில், தட்டுவதைப் பிழை திருத்தாமல் அப்படியே அனுப்பும் பிஎஸ்கே31 முறையில் முயன்று பார்த்தோம். முடிகிறது. ஆனால் 'வணக்கம்' என்பது பார்வைக்கு ஐந்து எழுத்து, யூனிகோடில் ஏழு குறிகள், கம்பியில் இறங்கும்போது 21 பைட். பிஎஸ்கே31 அதிகம் புழங்கும் ஆங்கில எழுத்துகளுக்குக் குட்டையான குறியீட்டையும் மற்றவற்றுக்கு நீளமான குறியீட்டையும் வைத்திருக்கிறது. வேகம் நொடிக்கு 31.25 துடிப்புதான். ஆகவே தமிழ் 'வணக்கம்' போய்ச்சேர எட்டு வினாடிக்கு மேல் ஆகிறது. அதையே ஆங்கிலச் சின்ன எழுத்துகளில் எழுதினால் இரண்டு வினாடி. மூன்று பைட்டில் ஒன்று இரைச்சலில் கெட்டாலும் அந்த எழுத்தே போய்விடும். நண்பர் திரையில் 'வண◊கம்' போல ஏதோ ஒன்று வந்து நின்றது. "வணங்கிக்கொண்டே விழுந்துவிட்டாய்" என்றார். பிழை திருத்தி மறுபடி கேட்டு வாங்கும் முறைகளில் இந்தத் தொல்லை வராது. வாராவின் அருமை எனக்குப் புரிந்தது அன்றுதான்.

2025 ஜனவரி 23

நேற்றைய நெட்டுக்கு விதி வேறு. கேட்வே கூடாது, இணையம் கூடாது, வீட்டு மின்சாரம் கூடாது. ஒவ்வொருவரும் தன் ரேடியோவிலிருந்து நெட் நடத்துகிறவரின் ரேடியோவுக்கு நேரடியாகச் செய்தி தர வேண்டும். ஆகஸ்டில் நான் தோற்றதைக் குழுவில் பலமுறை புலம்பியதன் விளைவு இது என்று நினைக்கிறேன். இதற்கு ஆள் வேண்டும். ஒருவர் அழைத்துக்கொண்டிருக்கும்போது இன்னொருவர் காத்திருக்க வேண்டும். யார் அடுத்து என்பதை ரிப்பீட்டரில் குரலில் பேசித்தான் முடிவு செய்தோம். வழக்கமாக முப்பது பேர் வரும் பட்டியலில் நேற்று ஒன்பது பேர். மற்றவர்களில் சிலருக்கு மின்கலம் இல்லை, சிலருக்கு இருந்தும் சார்ஜ் இல்லை, ஒருவருக்குக் கம்பியின் முனை பொருந்தவில்லை. நான் ஏழாவது.

ஒருவர் காத்திருக்கும்போது இருமினார். கோவைக்காரருக்காக இதைக் குறித்து வைத்தேன்.

2025 ஜனவரி 26

கோவைக்காரர் எழுதியிருக்கிறார்: "இருமியவருக்கு இப்போது எப்படி இருக்கிறது?" விசாரித்துச் சொல்கிறேன்.

2025 ஜனவரி 30

சளிதான். தேறிவிட்டாராம்.

சென்ற ஞாயிறு கேட்வே பெரியவரின் கொட்டகைக்கு ஒரு 20 ஆம்பியர்-மணி லித்தியம் மின்கலத்தைக் கொண்டுபோனேன். குழுவில் ஆறு பேர் பங்கிட்டு வாங்கியது. பெயின்ட் டப்பாக்களை நகர்த்தி இடம் செய்து, மின்சாரம் போனால் தானாக மாறும்படி இணைத்தோம். இணையத்துக்கு இன்னும் வழி செய்யவில்லை. அதனால் ஆகஸ்டில் எழுதிய குறையில் பாதி அப்படியே இருக்கிறது. சுவிட்சை அணைத்துச் சோதித்தோம். விசிறி நின்றது, ரேடியோ நிற்கவில்லை.

வேலை முடிந்து காபி குடிக்கும்போது, ஏன் பட்டியலில் அவர் பெயரை நான் ஒருநாளும் பார்த்ததில்லை என்று கேட்டேன். பதினோரு ஆண்டுகளாக ஊரார் அனைவரின் வருகையும் அவர் கொட்டகை வழியாகத்தான் போகிறது; தனக்கென்று ஒரு வரி அனுப்ப வேண்டும் என்று தோன்றியதே இல்லை என்றார். அவருடைய மடிக்கணினியில் மென்பொருளை ஏற்றிக்கொடுத்துவிட்டு, ஆறரை மணிக்கு முன்னால் அனுப்புங்கள், ஏழரை ஆகாது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இன்று காலை பட்டியல் வந்தது. 31 பேர். வந்து சேர்ந்த நேரப்படி அடுக்கியிருக்கிறார்கள். கடைசி வரி அவருடையது, உலக நேரம் 23.58.